வெட்டிப் போட்ட சத்தம்

பச்சை லைட்டு எரியுது. எரியட்டும். இவ்வளவு நாளும் எரியாமலா இருந்துச்சு, நான் பாக்கும்போதெல்லாம் நல்ல பிள்ளையா எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு, நான் அந்தப்பக்கம் போனதும்தான் அதுக்கு என்னமோ வந்துருது. அதான் இன்னைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு இந்த முன்ரூம்லயே உக்காந்துட்டேன். வா, இன்னைக்கு உன்னை ஒரு கை பாத்துருதேன். முழங்கால் வேற காலையிலேருந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்கு, கடைக்குப் போக முடியாது, மாடிக்கு ஏற முடியாது, வேற எங்க போய்க் கெடக்க. டிபன் பாக்ஸ் அளவு ஒரு கறுப்புப் பொட்டி. உள்ரூம்ல கெடக்க என் கம்ப்யூட்டர்ல உள்ளதையெல்லாம் தினம் சாயங்காலம் தன்னால நகல் எடுத்து இதுக்குள்ள வச்சுக்கிடும்னு சொல்லித்தான் செல்வின் வாங்கிக் கொண்டாந்து மாட்டினான். கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணுத பையன், நல்ல பையன்தான், குத்தம் சொல்லக்கூடாது. ஆனா "தன்னால"ன்னு சொன்னான் பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலதான் ஏமாந்துட்டேன். இந்த வீட்டுல என்ன தன்னால நடந்திருக்கு. பாலு தன்னால பொங்கினா அடுப்பை யாரு தொடைக்க. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம் அக்கா, சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அது பாட்டுக்கு ஓடும்னான். ஓடுச்சு. ரெண்டு நாள் ஓடும், மூணாம் நாள் நிக்கும். அப்புறம் ஒரு வாரம் ஓடும், நல்லா வந்துட்டுன்னு நெனைக்கையில பொசுக்குன்னு நிக்கும். காலையில போய்த் திரையைப் பாத்தா செவப்புல ஒரு பெருக்கல் குறி, நெட்வொர்க் டிரைவைக் காணோம்னு. காணோம்னா எங்க போகும், காலா மொளைச்சிருக்கு. செவுத்தோரமா ஸ்டூல்ல அங்கனதான் உக்காந்திருக்கு, பச்சை லைட்டும் எரியுது. எனக்குத்தான் கிறுக்குப் பிடிக்கப் பாக்கு.

என்னெல்லாம் பாத்தாச்சு. வயரு சரியில்லைன்னான், மாத்தியாச்சு. கரண்டு கூடிக் கொறையுதுன்னான், சரி, இந்தச் சாரல் காலத்துல தென்காசியில என்னைக்குக் கரண்டு ஒழுங்கா வந்துச்சு, அதுக்கும் ஒரு மிஷினை வாங்கி வச்சாச்சு. எலி கடிக்கான்னு பாத்தாச்சு. பல்லி உள்ள போயிட்டான்னுகூடப் பாத்தேன், எனக்கு நானே சிரிச்சுக்கிட்டேன். போன்ல கூப்பிட்டா, அக்கா, ஒருக்கா அணைச்சுப் போடுங்கக்காங்கான். அணைச்சுப் போட்டாச்சு தம்பி. அப்ப ரகசிய எண்ணை மறுபடி அடிங்கக்காங்கான். அடிச்சாச்சு தம்பி. அப்ப ஓடுமே அக்காங்கான். ஓடுது தம்பி, ஓடினது நிக்குதே ஏன்னுதான கேக்கேன். போன வாரம் ஒரு யோசனை சொன்னான், நின்னுபோன நாளெல்லாம் பாருங்கக்கா, அதுல ஏதாவது ஒழுங்கு இருக்கும்னு. பாத்தேன். செவ்வாயும் இல்ல, வெள்ளியும் இல்ல, மாச ஆரம்பமும் இல்ல, முடிவும் இல்ல. ஒரு ஒழுங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நிக்கது மட்டுமா, நாமளா அணைச்சா விட்ட எடத்துலேருந்து எடுக்கும், அதுவா அறுந்துச்சுன்னா அப்ப ஏறிக்கிட்டிருந்த கல்யாண வீடியோவை மறுபடியும் முதல்லேருந்து எடுக்கு. பாதி எடுத்தேனே, மிச்சத்தை எடுப்போம்னு அதுக்குத் தெரியாது. ஒரு கல்யாணம் முழுசா ஏற பதினஞ்சு சாயங்காலம் வேணும். ராத்திரியும் ஓடட்டும்னு விடலாம், வீட்டுல இருக்க மதினி விடமாட்டா, வீடு தீப்பிடிச்சுக்கிடும்னு எட்டு மணிக்கு முன்னயே வந்து கம்ப்யூட்டரை அணை அணைன்னு நிப்பா. சின்னச் சின்ன காதுகுத்து, சடங்கு எல்லாம் ஏறிட்டு. பெரிய கல்யாணமெல்லாம் ஏறவேயில்ல. அங்க உள்ள, கம்ப்யூட்டர் வயித்துக்குள்ள, அந்தப் பழைய டிஸ்க் டிக்கு டிக்குன்னு சத்தம் போட ஆரம்பிச்சுட்டு. அது சாகப்போற சத்தம் அக்கான்னு செல்வின் சொல்லிட்டான். ஒருநாள் ஓடும், ஒருநாள் பட்டுன்னு நின்னுரும், அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது. எல்லாம் ஏறி முடியுத வரைக்கும் அதைத் திறந்து படம் ஓட்டிப் பாக்காதீங்க, ஒவ்வொரு தடவை ஓட்டுறதும் அதுக்குப் பாரம், அது பாட்டுக்கு நகல் மட்டும் எடுக்கட்டும்னான். அன்னையிலேருந்து நான் கேக்கல. அவுகளை நான் கேக்கவேயில்ல.

அவுகன்னா எங்க வீட்டுக்காரவுக. கேமராமேன். இந்தப் பக்கத்துல ஒரு தலைமுறைக் கல்யாணம் அவுக தோள்ல ஏறித்தான் வந்திருக்கு. அவுக எடுத்துட்டு வருவாக, நான் உள்ரூம்ல உக்காந்து வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் குடுப்பேன். அந்தத் தொழில்ல ஒரே ஒரு சட்டம், படம் எடுக்கவன் சத்தம் படத்துல வரக்கூடாது. என் சத்தம் ஒண்ணு வந்தாலும் பார்ட்டி ஏசுவான் ஆவுடை, வெட்டிருன்னுவாக. வெட்டினேன். எவ்வளவு வெட்டினேன். மாமா, மீசையத் தடவாதீங்க, சிரிங்க. பொண்ணு நிமிந்து பாக்கட்டும், யாரும் அடிக்க மாட்டாங்க. ஏ பந்திக்காரரே, இலையக் கேமராவுக்குக் காட்டுங்கய்யா, மூஞ்சியக் காட்டாதீங்க. செங்கோட்டையில சித்தி மக கல்யாணத்துல சொந்த அக்காவையே ஒரு வெரட்டு வெரட்டினாக. நடுவுல நடுவுல செருமுவாக, வெத்தலைச் செருமல். எல்லாத்தையும் கறிவேப்பிலை மாதிரி ஒதுக்கிட்டு அந்த எடத்துல நாதஸ்வரத்தைப் போட்டுருவேன். ஊருல எத்தனை வீட்டுல அந்தப் படம் இருக்கு, ஒண்ணுலயும் அவுக இல்ல. வெட்டாத மூலப் படத்துலதான் இருக்காக. அது இந்த டிஸ்க்ல மட்டும்தான். போன்ல பேசினதைப் பதிஞ்சு வச்சிருக்கலாமேங்கா என் தங்கச்சி. யாரு நெனைச்சா. சாகுற வரைக்கும் பட்டன் போனு வச்சிருந்தவுக, அதுலயும் வாரேன், வையின்னு ரெண்டே வார்த்தை. மஞ்சக்காமாலையில படுத்தவுக, எந்திரிச்சிருவாகன்னுதான் எல்லாரும் நெனைச்சோம். இப்ப சமயத்துல மனசுக்குள்ள ஆவுடைன்னு கூப்பிட்டுப் பாக்கேன், அவுக கூப்பிட்ட மாதிரி. என் சத்தத்துலதான் கேக்கு. பயமா இருக்கு. பாதி நேரம் கோவமா வருது, மீதி நேரம் பயமா இருக்கு, ரெண்டும் இல்லாத நேரத்துல முழங்கால் வலிக்கு.

"ஏட்டி ஆவுடை, அந்தப் பொட்டி முன்னால என்னத்துக்குத் தவம் கெடக்கே?" அடுப்படியிலேருந்து மதினி சத்தம். உலகம்மாள் மதினி, அவுகளுக்கு மூத்தவ. கட்டிக்குடுத்த எடத்துலேருந்து அந்தக் காலத்துலயே திரும்பி வந்தவ, தம்பிதான் எல்லாம்னு இங்கயே இருந்துட்டா. தம்பி போனப்புறம் இந்த வீட்டுல நானும் அவளும்தான். ரெண்டு பேரும் ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துக்கிட்டுக் கெடக்கோம். நல்லவதான், வாய்தான் ஓயாது. "கால் வலி மதினி, சும்மா உக்காந்திருக்கேன்"னேன். "உள்ள போய்ப் படுத்தா என்ன? இங்கன காத்தும் வராது." "நீங்க உங்க சோலியைப் பாருங்க மதினி." பொட்டியில என்ன இருக்குன்னு நான் அவட்ட சொல்லல. கஸ்டமர் கல்யாணம்னு மட்டும் சொல்லியிருக்கேன். சொன்னா உடனே போடு போடும்பா, போட்டா அழுவா, அவ அழுதா நான் அழணும், அந்தத் தெம்பு எனக்கு இல்ல. டிஸ்க் வேற செத்துப்போகும். எல்லாம் ஏறி முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிடலாம்னு இருக்கேன். ஏறி முடிஞ்சாத்தான. கொஞ்ச நேரத்துல காப்பி கொண்டாந்து கையில குடுத்தா, சீனி கம்மி. பொட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா, என்னமோ சொல்ல வந்து சொல்லாமப் போனா. குளிச்சிருக்கா, தலையில துண்டு. இந்நேரத்துல என்ன குளியலோ.

பொட்டிக்கு நேர் மேல அவுக படம். அதைப் பாக்காம இருக்கத்தான் நான் லைட்டையே பாத்துக்கிட்டிருக்கேன், இல்லன்னா பாக்க வேற என்ன இருக்கு. ஊரு முழுக்கப் படம் எடுத்த மனுசனுக்குச் சொந்தமா ஒரு படம் இல்ல. பதினாறுக்கு மாட்டணும் படம் குடுன்னு எல்லாரும் நிக்காக, தேடித் தேடிப் பாத்தா ஒரு கல்யாணப் பந்தியில யாரோ சும்மா கிளிக்கினது ஒண்ணு கெடைச்சுச்சு. தலையை மட்டும் வெட்டி, கோட்டு சூட்டு ஒண்ணை ஒட்டி, நான்தான் செஞ்சேன், அழுதுக்கிட்டே செஞ்சேன். அவுக வாழ்நாள்ல கோட்டுப் போட்டதில்ல. உத்துப் பாத்தா ஒரு பக்கக் கன்னம் உப்பியிருக்கும். அது அப்பளம். வந்தவுகெல்லாம் ஆஹா, என்ன களை மூஞ்சியிலன்னாக. எனக்கு அந்த அப்பளம் மட்டும்தான் தெரியும். மதினிக்கு அந்தப் படம்தான் எல்லாம். மாலை போட்டு, சுத்திவர மின்னுற லைட்டுச் சரம் போட்டு, விசேஷ நாள்னா விளக்கேத்தி அதை எரியவிட்டுக் கும்பிடுவா. அந்த லைட்டு எரியும்போது படம் ஒருதடவை பச்சையா, ஒருதடவை செவப்பா மாறும், அவுக அப்பளத்தை மென்னுக்கிட்டே சாமியாகிட்ட மாதிரி இருக்கும். என்னால அங்கன நிக்க முடியாது. மணிச் சத்தம் கேட்டாலே நான் மாடிக்குத் துணி எடுக்கப் போயிருவேன், இல்ல பால் வாங்கக் கெளம்பிருவேன். அது அவ நேரம், நான் எதுக்கு நடுவுல. அவளும் என்னைக் கூப்பிடமாட்டா. பச்சை லைட்டு எரியுது. உள்ள போய்த் திரையைப் பாத்துட்டு வந்தேன், செங்கோட்டைக் கல்யாணம் முக்காலுக்கு மேல ஏறிட்டு. முக்காலுக்கு மேல. இவ்வளவு தூரம் அது வந்ததேயில்ல. உக்காந்து பாத்தா ஒழுங்கா ஓடுது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக மாதிரி. அப்ப தினமும் இப்படி வந்து காவல் கெடக்கணுமா நான். கெடக்கேன். வேற என்ன வேலை எனக்கு. கண்ணு இழுக்கு. காப்பி குடிச்சும் கண்ணு இழுக்கு. டிக்குன்னு ஒரு சத்தம் உள்ளயிருந்து. போயிராத. இன்னும் கொஞ்சம் நேரம்தான், போயிராத.

சாம்பிராணி வாசம். கண்ணு அசந்துட்டேன் போல. வாசல்ல வெளிச்சம் மங்கிட்டு, ரோட்டுல ஆட்டோ சத்தம், பக்கத்து வீட்டுல மிக்ஸி. மதினி விபூதித் தட்டோட படத்துக்கு முன்னால நிக்கா, பூ வச்சாச்சு, விளக்கு ஏத்தியாச்சு. நான் எந்திரிச்சுப் போயிரலாம்னு பாத்தேன், முழங்கால் விடல. சரி, கும்பிட்டுட்டுப் போகட்டும்னு கண்ணை இடுக்கிக்கிட்டே கெடந்தேன். அவ தட்டை ஸ்டூல்ல வச்சா. கையை முந்தானையில தொடைச்சா. குனிஞ்சா. என் பொட்டியோட பிளக்கை, ரொம்ப மெதுவா, தூங்குத பிள்ளை முழிச்சிரக்கூடாதுங்குத மாதிரி உருவினா, உருவி அந்த எடத்துல லைட்டுச் சரத்தோட பிளக்கைச் சொருகினா. பச்சை லைட்டு அணைஞ்சுட்டு. அவுக படம் செவப்பாச்சு, பச்சையாச்சு, நீலமாச்சு.

"மதினீ!" நான் போட்ட சத்தத்துல அவ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா. "ஏட்டி, என்னட்டி இப்படிக் கத்துதே, உசுரே போயிட்டு." "என்ன செஞ்சீக? இப்ப என்ன செஞ்சீக?" "என்ன செஞ்சேன், லைட்டைப் போட்டேன். இங்கன இருக்கது ரெண்டே ஓட்டைதான, ஒண்ணுல நெட்டுப் பொட்டி, அதைப் பிடுங்கினா எனக்கு போன்ல சீரியல் வராது. இது சும்மாதான கெடக்கு. கும்பிட்டு முடிச்சதும் ஒழுங்காத் திருப்பிச் சொருகிருவேன், ஒருநாளும் மறந்ததில்ல." மறந்ததில்லையாம். பெருமையாச் சொல்லுதா. "என்னைக்கெல்லாம் பிடுங்குவீக?" "பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி, கார்த்திகை, அப்புறம் அவன் திதி. வேற நாள்ல பிடுங்க மாட்டேன், சாமி சத்தியமா." இன்னைக்குப் பிரதோஷம். செவுத்துல நாள்காட்டி தொங்குது, அதுல பொடி எழுத்துல போட்டிருக்கு, நான் தேதியை மட்டும் பாத்துட்டு இருந்திருக்கேன். செல்வினுக்குப் பிரதோஷம் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும், நான்தான் மணிச் சத்தம் கேட்டதும் மாடிக்கு ஓடிருவேனே. சிரிப்பு வருது, அழுகை வருது, எது முதல்ல வரணும்னு தெரியல. வயரு மாத்தினது, எலிப்பொறி வச்சது, எல்லாம் ஒரு ஓட்டைக்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு வாங்கிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். "முக்காலுக்கு மேல ஏறிட்டு மதினி. முக்காலுக்கு மேல. இனி முதல்லேருந்து ஏறணும். அது தாங்குமா தாங்காதான்னே தெரியல, நீங்க பாட்டுக்குப் பிடுங்குதீக!"

அவளுக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா என் மூஞ்சியைப் பாத்துப் பயந்துட்டா. விறுவிறுன்னு லைட்டுச் சரத்தை உருவிட்டு என் பிளக்கைச் சொருகினா. "இந்தா, சொருகியாச்சு. போதுமாட்டி? இதுக்கா இம்புட்டுச் சத்தம்?" படம் இருட்டாயிட்டு. பச்சை லைட்டு முழிச்சு முழிச்சு எரிய ஆரம்பிச்சுச்சு. அவ அங்கனயே நின்னா. அப்புறம் படத்தைப் பாத்துக்கிட்டே சொன்னா, சத்தமேயில்லாம. "அவன் கூப்பிட்ட சத்தம் எனக்குக் காதுல இல்லட்டி ஆவுடை. முன்னால இருந்துச்சு. இப்ப எம்புட்டு நெனைச்சாலும் வரமாட்டேங்கு. எக்கான்னு எப்படிக் கூப்பிடுவான், தெரியல. மூஞ்சியவாது நல்லாப் பாத்து வச்சுக்கிடுவோம், அதுவும் போயிரக்கூடாதேன்னுதான் இந்த லைட்டைப் போடுதேன்."

எனக்கு அப்ப வந்த கோவம் யார் மேலன்னு தெரியல. எந்திரிச்சேன். முழங்கால் வலிச்சுது, வலிக்கட்டும். உள்ரூமுக்குப் போனேன். செல்வின் சொன்னது காதுல கேக்கு, ஓட்டாதீங்க அக்கா, ஒவ்வொரு தடவையும் பாரம். திரையில நகல் மறுபடியும் முதல்லேருந்து, சொட்டுச் சொட்டா. டிக்குன்னுது. இதை இப்ப ஓட்டி, இதோட இது நின்னுபோச்சுன்னா நான் இனிமே கேக்கவே முடியாது. ஓட்டாம வச்சிருந்து நாளைக்கே நின்னுபோச்சுன்னா அவ ஒருதடவைகூடக் கேட்டிருக்கமாட்டா. போகட்டும். நான் ஆயிரம் தடவை கேட்டிருக்கேன், வெட்டுறதுக்குன்னாலும் கேட்டிருக்கேன். செங்கோட்டையைத் திறந்தேன். அந்த எடம் எனக்குத் தெரியும், தாலி கட்டுறதுக்குக் கொஞ்சம் முன்ன. ஸ்பீக்கரைக் கூட்டி வச்சேன். "மதினி, இங்க வாங்க." விபூதித் தட்டைக் கையில எடுத்துக்கிட்டு வந்து கதவுநிலைக்குள்ள நின்னா, முன்ரூம் விளக்கு வெளிச்சம் பூராவும் அவ முதுகுக்குப் பின்னால.

கல்யாண வீட்டு இரைச்சல். மேளம். ஒரு பிள்ளை அழுகுது. திரையில மணவறை, மணவறைக்குக் குறுக்கால ஒரு பெரிய முதுகு, மாம்பழக் கலர் பட்டு, கையில குங்குமத் தட்டு. அது யாருன்னு மதினிக்குத் தெரிஞ்சுட்டு, "ஏ, இது நான்லா"ன்னு சிரிக்கப் போனா. அப்ப ஒரு செருமல். வெத்தலைச் செருமல். மதினி சிரிப்பு அப்படியே நின்னுட்டு. "லைட்டைத் தூக்குடே. இன்னும் தூக்கு." டிக்கு டிக்குன்னு டிஸ்க் அடிக்கு, நான் மேசையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். "எக்கா. ஏ எக்கா. வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு நிக்கே பாரு. செத்த தள்ளி நில்லுக்கா."

மதினி சட்டுன்னு கதவுநிலையை விட்டு விலகி, செவுத்தோட ஒட்டி நின்னா. முன்ரூம் வெளிச்சம் உள்ள வந்து விழுந்துச்சு. தட்டை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு, திரையைப் பாத்து, "இப்ப மறைக்கலையே தம்பி?"ன்னு கேட்டா.